பசுமைக் கட்டட விதி என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால் உடனே கொடுத்துவிடாதீர்கள்

புதிதாகக் கட்டும் அடுக்குமாடியில் வீடு வாங்கப் போகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். பேசி முடித்த விலைக்கு மேல், சாவி கொடுக்கிற நேரத்தில் எங்கள் பில்டர் ஒரு பெரிய தொகை கேட்டார். கட்டடங்களுக்கான எரிசக்தி விதி கடுமையாகிவிட்டதாம், ஜன்னலுக்கு லோ-ஈ பூச்சுள்ள (வெப்பத்தைத் திருப்பிவிடும் மெல்லிய பூச்சு) இரட்டைக் கண்ணாடி, மேல்தளத்துக்கு வெப்பத் தடுப்புப் பலகை, எல்லாமே அதனால் வந்த செலவாம், பணம் கட்டாவிட்டால் சாவி இல்லை. கடன் தவணை ஓட ஆரம்பித்திருந்தது, இருந்த வாடகை வீட்டையும் காலி செய்தாக வேண்டும். கட்டினோம்.

குடிபோன பிறகு, வெயில் இறங்கி வெகுநேரம் ஆகியும் மேல்தளத்தின் சூடு அறைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது, ஏசி ஓயவே இல்லை. அப்புறம் விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் வந்து, இருட்டியதும் ஜன்னல் பக்கத்தில் லைட்டரைப் பற்றவைத்துக் காட்டினார். இரட்டைக் கண்ணாடிக்கு நான்கு பரப்பு, அதனால் சுடர் நான்காகத் தெரியும். லோ-ஈ பூச்சு இருந்தால் அதில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருக்கும். எங்கள் ஜன்னலில் நான்கும் ஒரே நிறம். குழாய் வேலைக்காக மொட்டைமாடியில் கொஞ்சம் உடைத்தபோது பார்த்தால் ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் கலவைதான் இருக்கிறது, பலகையைக் காணோம்.

கேட்டால் பசுமைச் சான்றிதழை நீட்டுகிறார்கள். அது வரைபடத்தை வைத்துக் கொடுத்த முதற்கட்டச் சான்று! எட்ஜ் போன்ற பசுமைச் சான்றிதழ் முறைகளில் கட்டி முடித்து, கட்டியதைத் தணிக்கை செய்த பிறகுதான் இறுதிச் சான்று வரும், அதை இவர்கள் வாங்கவே இல்லை. அதோடு, எட்ஜில் சொல்லும் 20 சதவீத எரிசக்தி மிச்சம் என்பது அந்தப் பகுதியின் வழக்கமான கட்டடத்தோடு ஒப்பிட்ட கணக்கு, நம் மின்கட்டணத்தில் 20 சதவீதம் குறையும் என்ற உத்தரவாதம் இல்லை.

இன்னொன்று, லீட், எட்ஜ் போன்ற பசுமைச் சான்றிதழ்கள் எல்லாம் விரும்பினால் வாங்கும் முத்திரை. எரிசக்தி விதி அப்படி இல்லை, அது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். பொதுவாக அனுமதிக்கு விண்ணப்பித்த நாளில் எந்த விதி நடப்பில் இருந்ததோ அதுதான் கட்டடத்துக்குப் பொருந்தும். அப்படியென்றால் விலை சொல்லும்போதே பில்டருக்கு இந்தச் செலவு தெரியும். கடைசி நேரத்தில் திடீரென்று முளைத்தது என்றால் எப்படி நம்புவது?

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டும்போதே வெப்பத் தடுப்பு போட ஆகும் செலவு, பின்னால் தளத்தை உடைத்துப் போடுவதைவிட எவ்வளவோ குறைவு, வீட்டு விலை கொஞ்சம் ஏறினாலும் அது மாதாமாதம் கரண்ட் பில்லில் திரும்பி வரும். எங்களுக்கு விலையும் ஏறியது, பில்லும் ஏறியது. அதுதான் வயிற்றெரிச்சல்.

அனுமதி விண்ணப்பத் தேதியைக் கேளுங்கள். பலகை எத்தனை மில்லிமீட்டர், கண்ணாடியின் யூ-மதிப்பும் (வெப்பத்தைக் கடத்தும் அளவு) வெயில் வெப்பத்தை உள்ளே விடும் அளவும் என்ன என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பலகை பதித்ததும், மேலே ஓடு ஒட்டுவதற்கு முன்பு நேரில் போய்ப் படம் எடுத்துவிடுங்கள், மூடிவிட்டால் உடைக்காமல் பார்க்க வழியே இல்லை.