எட்டு அடியா, இரட்டை மந்திரமா?

ஃபைனல் ஃபேண்டஸி 5 வீடியோ கேமில் ஒமேகா என்ற பாஸிடம் (பெரிய எதிரி) முதல்முறை போனபோது நான் நம்பியிருந்தது டுவல்காஸ்டை, அதாவது ஒரே டர்னில் இரண்டு மந்திரம் ஏவும் திறனை. ரெட் மேஜ் என்ற ஜாபின் (பாத்திரம் ஏற்கும் தொழில்) கடைசிப் படி. அந்த ஒரு படிக்கே 999 ஏபிபி (ஜாபில் படியேறச் சேர்க்கும் புள்ளி). இவ்வளவு பாடுபட்டு வாங்கியாயிற்றே என்று தண்டகா என்ற மின்னல் மந்திரத்தை ஒரே டர்னில் இரண்டு தரம் ஏவினேன். ஒமேகாவுக்கு மின்னல் ஆகாது, சரி. அவன் மேல் மந்திரத்தைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்ட் எப்போதும் இருக்கும் என்பதைத்தான் மறந்துவிட்டேன். இரண்டு மின்னலும் திரும்பி வந்து என் ஆட்கள் தலையிலேயே இறங்கின.

அப்புறம் பிடித்ததுதான் இந்தக் கூட்டணி: நிஞ்சாவின் இரட்டை ஆயுதம், ரேஞ்சரின் ரேபிட் ஃபயர், வாளில் மந்திரம் ஏற்றும் மிஸ்டிக் நைட்டின் ஸ்பெல்பிளேட். 690 ஏபிபியில் நிஞ்சாவை முழுதாக முடித்தால், ஃப்ரீலான்சர் என்ற அடிப்படை ஜாபுக்கு இரட்டை ஆயுதம் தானாகவே வந்துவிடும். மற்ற இரண்டையும் திறன்களுக்கான ஸ்லாட்டில் வைக்கலாம். ரேபிட் ஃபயர் நான்கு முறை அடிக்கும். இரு கையிலும் ஆயுதம் இருந்தால் எட்டு. ஒவ்வொன்றும் பாதி பலம்தான், ஆனால் டிஃபென்ஸைக் கண்டுகொள்ளாது, குறியும் தப்பாது. சாதாரண அடியில் பெரும்பாலானவற்றுக்கு ஒமேகா நழுவிவிடுவான் என்பதால் இது சின்ன விஷயமில்லை. வாளில் தண்டகாவை ஏற்றிவிட்டால் எட்டும் மின்னல் அடி, ரிஃப்ளெக்ட்டுக்கு அங்கே வேலையில்லை.

என்னைக் கட்சி மாற வைத்தது எம்பி (மந்திரத்துக்குச் செலவாகும் சக்தி) கணக்கு. பஹாமுட் என்ற டிராகனை டுவல்காஸ்டில் அழைத்தால் ஒரு டர்னுக்கு 132 எம்பி. கோல்ட் ஹேர்பின் மாட்டினால் பாதியாகும், அப்படியும் எம்பி ஏற்றும் ஈதர் குடிக்க ஒரு டர்னை ஒதுக்கியாக வேண்டும். அடித்த கையோடு திருப்பி அடிக்கிறவன் முன்னால் அந்த ஒரு டர்ன் ரொம்ப விலை. ஸ்பெல்பிளேடுக்கு ஆரம்பத்தில் ஒரு தரம் எம்பி கொடுத்தால் போதும், பிறகு எத்தனை எட்டு அடித்தாலும் செலவில்லை. ஆள் விழுந்து எழுந்தால் மட்டும் மறுபடி ஏற்ற வேண்டும்.

வேறு ஜாப்களில், சாமுராய் காசை வாரியிறைத்து அடிப்பது வேடிக்கைதான், பை காலியாகும்வரை. மருந்துகளைக் கலக்கும் கெமிஸ்ட்டின் மிக்ஸை ஒரே ஒரு பாஸிடம்தான் முயன்றேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஆனால் என் கூட்டணிக்கும் ஒரு குறை: ரேபிட் ஃபயர் இலக்கைத் தானே தேர்ந்துகொள்ளும். கடைசி பாஸ் நியோ எக்ஸ்டெத் போலப் பல பாகமாக நிற்கும் பாஸிடம் எட்டு அடியும் சிதறிப்போகும். அங்கே எல்லா பாகத்தையும் ஒருசேர அடிக்கும் பஹாமுட்தான் மேல். அந்தச் சண்டைக்கு நானும் ஒருவரை டுவல்காஸ்டோடுதான் கூட்டிப்போனேன்.