எலிக்கு கூண்டா மருந்தா கிட்டியா, நம்ம காரைக்குடி பக்கத்துக்கு எது சரிப்படும்

கார்த்திகை மழை விட்டு பனி எறங்குனா போதும், வயல்லயும் கண்மாய்க்கரையிலயும் கெடந்த எலியெல்லாம் வீட்டுப் பக்கம் வர ஆரம்பிச்சிரும், அதுவும் கானாடுகாத்தான், தேவகோட்டைல வருசம் பூரா பூட்டிக் கெடக்குற பெரிய வீடுன்னா கேக்கவே வேணாம், வளவுத் தண்ணி, அதான் நடு முத்தத்துத் தண்ணி, போற தூம்புல நுழைஞ்சு ரெண்டாங்கட்டு தாண்டி அடுப்படி வரைக்கும் அதுக ராஜ்ஜியம்தான்.

கடையில கேட்டா மொதல்ல நீட்டுறது மருந்து கேக்கு. ப்ரோமாடியோலோன் 0.005 சதவீதம். நல்லாவே வேலை செய்யும். ரத்தம் உறையாமப் பண்ணி கொல்றதால தின்ன எலி சாக நாலஞ்சு நாளாகும், மத்த எலிக்கு சந்தேகமே வராது. ஆனா நம்ம வீட்டுக்கு அதுதான் வில்லங்கம். பூட்டுன ரூமுக்குள்ள பெட்டகத்துக்குப் பின்னால போய் செத்துச்சுன்னு வைங்க, சாவி மெட்ராஸ்ல இருக்குற பங்காளிகிட்ட இருக்கும், நாத்தம் நமக்கு.

அதனால வீட்டுக்குள்ள என் ஓட்டு கூண்டுக்குத்தான். ராத்திரிக்கு ஒண்ணு ரெண்டுதான் மாட்டும், சரி, ஆனா செத்துச்சா இல்லையான்னு தேட வேணாம். சுவத்தை ஒட்டி வைங்க, எலி நடு வாசல்ல ஓடாது. புதுச் சாமானைக் கண்டா மெரளும், அதனால மொத ரெண்டு ராத்திரி கதவைத் தொறந்தே கட்டிப்போட்டு சுட்ட கருவாட்டை சும்மா தின்ன விட்டுட்டு அப்பறம் கொக்கிய மாட்டுங்க. தூம்புக்கு கம்பி வலை அடிக்காம எத்தனை கூண்டு வச்சாலும் வீண்தான்.

பசை அட்டை? பல்லியும் ஓணானும் ஒட்டித் துடிக்கும், பெருச்சாளி அட்டையோட இழுத்துட்டுப் போயிரும். மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட் பக்கமே போகாதீங்க, மனுசன் கல்லீரலை அடிச்சிரும், மாத்து மருந்தும் கெடையாது.

வயலுக்கு கணக்கு வேற. ஜிங்க் பாஸ்பைடு அன்னைக்கே கொல்லும், ஆனா கொஞ்சமா தின்னு பொழைச்ச எலி மறுபடி அதைத் தொடாது, அதான் மொத ரெண்டு மூணு நாள் வெறும் பொரியும் எண்ணெயும் வச்சுப் பழக்கணும்னு சொல்றது. நம்ம பக்கம் மயில் வேற வரப்புல மேயுது, நாயும் சுத்துது, மருந்தை வெளியில போடவே பயமா இருக்கு. தஞ்சாவூர்க் கிட்டின்னா, அதான் மூங்கில்ல செஞ்ச வில்லுப் பொறி, அந்த பயமில்ல, கதிர் வர்றதுக்கு முன்னாடியே ஆள் வச்சு வளை பாத்து வச்சா நல்லாப் புடிக்கும், கூலிதான் கையக் கடிக்கும். கூடவே வரப்பை ஒடுக்கமா வெட்டுங்க, அகலமா இருந்தா வளை தோண்டிரும். ஆந்தை உக்கார 'T' எழுத்து மாதிரி குச்சி நடுறது செலவே இல்லாத வேலை, ஆனா நெல்லு பால் புடிச்சதும் புடுங்கிருங்க, இல்லன்னா பகல்ல குருவி உக்காந்து கதிரைக் கொறிக்கும்.