ரோஸ் ஹில்லில் வாங்கிய இன்வெர்ட்டர்: பேட்டரிக்குப் பாராட்டு, கேபிளுக்குக் கண்டனம்

மொரீஷியஸில் நவம்பர் பிறந்தால் மே வரை புயல் காலம்தான். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்துபோன பிறகு, மின்சாரம் போனாலும் ஃபிரிட்ஜில் அம்மாவின் இன்சுலின் கெடாமல் இருக்கவே 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் 1000 வாட் இன்வெர்ட்டரும் வாங்கினேன். பேட்டரி அருமை. ஈய-அமில பேட்டரியின் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். இதில் அந்தக் கவலை இல்லை. சிறிய ஃபிரிட்ஜ், இரண்டு எல்.இ.டி. விளக்கு, வைஃபை எல்லாம் இரவு முழுக்க ஓடுகின்றன.

பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் இணைக்கக் கடையில் தந்த கேபிள்தான் கோபமூட்டியது. முழுச் சுமையில் 80 ஆம்பியருக்கு மேல் பாயும் இடத்தில் சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத கம்பி! இஸ்திரிப் பெட்டியைப் போட்டுச் சோதித்தபோது கை வைக்க முடியவில்லை. முனையருகே உறை இளகிப் பளபளத்தது. "எல்லோருக்கும் இதுதான் கொடுக்கிறோம்" என்றார் கடைக்காரர். இது பதிலா? வீடு பற்றிக்கொண்டால் யார் பொறுப்பு? வேறிடத்தில் 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி வாங்கி, பேட்டரி முனையருகிலேயே ஃபியூஸும் போட்டுக்கொண்டேன்.

இன்வெர்ட்டரின் விசிறி இரைச்சல் படுக்கையறைக்கு ஆகாது. வாங்குவோர் தூய சைன் அலை இன்வெர்ட்டர்தானா (வீட்டு மின்சாரம் போலவே சீரான அலையாக மின்சாரம் தருவது) என்று கேட்டே வாங்குங்கள். மற்றவற்றில் ஃபிரிட்ஜ் மோட்டார் சூடேறும்.