ஸ்காம்ப் 13 அடி ட்ரெயிலர்: மூன்று பேர் குடும்பத்துக்குச் சரிவருமா?

எங்கள் வீட்டில் நான், மனைவி, எழுபது தாண்டிய அம்மா. மூன்று பேருக்கும் காம்பிங் என்றால் உயிர். ஆனால் முழங்கால் வலி வந்த பிறகு அம்மாவால் கூடாரத்தில் நிலத்தில் படுத்து எழும்ப முடியவில்லை. அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போக எங்களுக்கும் மனம் வரவில்லை. அதனால்தான் வானுக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளேயே படுத்துச் சமைக்கக்கூடிய ஸ்காம்ப் 13 ட்ரெயிலரைப் பழையதாக வாங்கினோம். டொரொண்டோவின் ஸ்காபரோவில் எங்களைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் சில குடும்பங்கள் விசாரிப்பதால் விரிவாக எழுதுகிறேன். என் முடிவு இதுதான்: மூன்று பேருக்கு நல்ல பொருள், குளியலறை இல்லாத அமைப்பைத்தான் வாங்க வேண்டும், மிச்சம் பிடிக்கிற காசை டயருக்கும் கூரை விசிறிக்கும் பற்றரிக்கும் போட வேண்டும்.

ஸ்காம்ப் அமெரிக்காவில் மினசோட்டாவின் பாக்கஸ் என்ற சின்ன ஊரில் செய்யப்படுவது. இந்த முட்டை வடிவ ட்ரெயிலர்களுக்கு முன்னோடி நம் கனடாவில் பிறந்ததுதான்: 1968இல் வினிப்பெக்கில் வந்த போலர் என்ற ட்ரெயிலர். ஃபைபர்கிளாஸ் ஓடு மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டையும் இடுப்பு உயரத்தில் ஒட்டிவிடுகிறார்கள். சாதாரண ட்ரெயிலர்களில் கூரையும் சுவரும் சேரும் மூலைகள்தான் முதலில் ஒழுகும். உள்ளே மரச்சட்டம் உக்கத் தொடங்குவது வெளியே தெரியாது. இதில் அந்த மூலைகளே இல்லை. தண்ணீர் வர வழி என்றால் யன்னல், கதவு, கூரைத் துவாரம், விளக்குகள், அப்புறம் உள்ளே அலுமாரிகளைப் பிடித்திருக்கும் ரிவெற்றுகள். ஒவ்வொரு வசந்தத்திலும் நான் வெளியே ஹோஸால் தண்ணீர் அடிக்க, மனைவி உள்ளே டோர்ச் லைற்றோடு ஒவ்வொரு ரிவெற்றாகப் பார்ப்பார். ஈரம் தெரிந்தால் அந்த ரிவெற்றைக் கழற்றி, புதிதாக அடித்து, சீலன்ட் வைத்து மூடியைப் போட்டால் போதும். வீட்டிலேயே செய்துவிடலாம்.

13 அடி என்பது முன்னால் நீண்டிருக்கும் இழுவைக் கம்பியையும் சேர்த்துத்தான். உடம்பு 10 அடி அளவு. பின்பக்க மேசையை இறக்கினால் இரண்டு பேர் படுக்கிற கட்டில். முன்பக்கத்தில் ஒரு சோபா; அதுதான் அம்மாவின் இடம். உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டு எழும்பக்கூடிய உயரம். கூடாரத்தை விட்டு இதற்கு வந்ததற்கு இந்த ஒரு காரணமே எங்களுக்குப் போதும். அம்மாவின் உயரத்துக்கு அது தாராளம். ஆறடி ஆள் என்றால் கால் மடக்கித்தான் படுக்க வேண்டும்.

குளியலறை வைத்த அமைப்பில் இந்தச் சோபா போய்விடும். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் பெரும்பாலான பெரிய முகாம்களில் சுடுதண்ணீரோடு குளியலறை இருக்கிறது. இரவுக்கு மட்டும் ஒரு கையடக்கக் கழிவறைப் பெட்டி வைத்திருக்கிறோம். சிங்கில் இருந்து வரும் தண்ணீரை நிலத்தில் விடக்கூடாது. சக்கரம் வைத்த சின்னத் தொட்டியில் பிடித்து, அதற்கென உள்ள இடத்தில் ஊற்ற வேண்டும்.

இழுப்பது எங்கள் டொயோட்டா சியன்னா வான். அதன் இழுவை எல்லை 3,500 இறாத்தல். ஸ்காம்ப் 13 வெறுமையாக 1,200 முதல் 1,500 இறாத்தல் வரும். தண்ணீர், காஸ், அரிசிமூட்டை, சட்டிபானை எல்லாம் ஏற்றி நிறை பார்த்தபோது எங்களுடையது 2,000ஐ ஒட்டி வந்தது. அதில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். பின்னால் பாரம் கூடினால் நெடுஞ்சாலையில் ட்ரெயிலர் வால் ஆட்டும், அது சரியான ஆபத்து. அதனால் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளை நான் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால்தான் வைப்பேன். ஒன்ராறியோவில் இந்த அளவு ட்ரெயிலருக்குச் கார் ஓட்டும் சாதாரண ஜி லைசென்ஸ் போதும். ஓடும்போது உள்ளே ஆள் இருக்கக்கூடாது. அம்மாவுக்குத் தூக்கம் வந்தாலும் வானுக்குள்தான்.

டயரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு கடையில் காருக்குப் போடும் டயரையே போட்டால் மலிவு என்று சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. பக்கச் சுவரில் எஸ்டி (ST) என்று எழுதியிருக்கும் ட்ரெயிலர் டயர்தான் வேண்டும். பாரத்தோடு பக்கவாட்டில் நெளியாத கட்டு அதற்குத்தான் இருக்கிறது. வேக எல்லையைக் காட்டும் எழுத்து போடாத எஸ்டி டயர்களுக்கு மணிக்கு 105 கிலோமீற்றர்தான் எல்லை. நான் 400ஆம் நெடுஞ்சாலையில் 95க்கு மேல் போவதில்லை. அதே சுவரில் டொட் (DOT) என்ற குறிக்குக் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. டயரின் பள்ளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிடுங்கள்; இந்த டயர்கள் தேய்ந்து போவதைவிட வயதாகி வெடிப்பதுதான் அதிகம். சக்கரத்தைக் கழற்றிப் பூட்டினால் முதல் 80 கிலோமீற்றரில் நிறுத்தி நட்டுகளைத் திரும்ப இறுக்க வேண்டும். சக்கரத்தின் பெயரிங்குக்கு வருடம் ஒருமுறை கிரீஸ்.

முகாமில் போய் நின்றதும் முதல் வேலை மட்டம் பார்ப்பது. குளிர்சாதனப் பெட்டிக்காகவே இதைச் சரியாகச் செய்ய வேண்டும். இதில் இருப்பது காஸ், 120 வோல்ற், 12 வோல்ற் மூன்றிலும் ஓடும் வகை. கம்ப்ரெசர் இல்லை, அமோனியாவைச் சூடாக்கித்தான் குளிரை உண்டாக்குகிறது. ட்ரெயிலர் சரிந்து நின்றால் அந்தச் சுற்றோட்டம் தடைப்பட்டுப் பெட்டி குளிராது, மீன் பழுதாகிவிடும். கில்பெயர் மாகாணப் பூங்காவில் பாறைமேட்டுத் தளங்கள் அதிகம். நான் பலகையை வைத்து ஒரு பக்கச் சக்கரத்தை அதன்மேல் மெல்ல ஏற்றுவேன். அம்மா ரசமட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துக் குமிழியைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்பார். "இன்னும் கொஞ்சம்... கொஞ்சம்... ஆ, நடுவுக்கு வந்திட்டுது, நிப்பாட்டு தம்பி!" பிறகு இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை. அதற்குப் பிறகுதான் கொக்கியைக் கழற்றி, முன் ஜாக்கால் முன்பின் மட்டம். வரிசையை மாற்றக்கூடாது; கட்டை வைக்காமல் கழற்றினால் ட்ரெயிலர் உருண்டுவிடும். மூலைக் கால்கள் ஆட்டத்தை நிறுத்த மட்டுமே, அவற்றால் ட்ரெயிலரைத் தூக்கவே கூடாது. இன்னொன்று: 12 வோல்ற்றில் பெட்டியை வான் ஓடும்போது மட்டும் போடுங்கள். நின்ற இடத்தில் போட்டால் பற்றரியை உறிஞ்சிவிடும்.

சமையல். உள்ளே இரண்டு அடுப்பு இருக்கிறது, ஆனால் நம் சமையலுக்கு அல்ல. உள்சுவரில் ஒரு துணி மாதிரி உறை. அதில் மீன் பொரித்த மணம் ஏறினால் அடுத்த வருடமும் இருக்கும். தேத்தண்ணீர் வைக்க, புட்டு அவிக்க மட்டும் உள்ளே, அதுவும் யன்னலைத் திறந்துவிட்டு. தாளிப்பு, பொரியல் எல்லாம் வெளியே வலைக்கூடாரத்துக்குள் தனி அடுப்பில். மே, ஜூனில் அல்கொன்குவின் பூங்கா பக்கம் கறுப்பு ஈக்கள் இருக்கிற இருப்பில் அந்த வலை இல்லாமல் சமைக்கவே முடியாது. சாப்பிட்டு முடிந்ததும் சட்டி, எண்ணெய், குப்பைப் பை எல்லாம் வானுக்குள். கரடி வரும் இடம். கழுவாத சட்டி ஒன்றுகூட வெளியே கிடக்கக்கூடாது.

இந்த ட்ரெயிலரின் உண்மையான குறை உள்ளே கட்டும் ஈரம். இவ்வளவு சின்ன இடத்தில் மூன்று பேர் மூச்சு விட்டால், ஒக்ரோபர் காலையில் யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும், மெத்தையின் அடிப்பக்கம் நனையும். கூரையில் இருக்கும் 14 அங்குலத் துவாரத்தில் 12 வோல்ற் விசிறி பூட்டினோம். குளிரானாலும் அதை மெதுவாக ஓடவிட்டு எதிர்ப்பக்க யன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் காலையில் எல்லாம் காய்ந்திருக்கிறது. மெத்தைக்கு அடியில் காற்றோட்ட விரிப்பும் போட்டிருக்கிறோம். காசு செலவழிப்பதென்றால் முதலில் இந்த விசிறிக்குச் செலவழியுங்கள்.

பற்றரிக்கு 100 ஆம்பியர்-மணி லித்தியம் போட்டோம். பழைய ஈய பற்றரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். இதில் முழுவதையும் எடுக்கலாம் என்றே சொல்லலாம், பாரமும் பாதிக்குக் குறைவு. இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பழைய சார்ஜர் இதை முழுதாக நிரப்பாது, அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். வெப்பநிலை பூச்சியம் பாகைக்குக் கீழே போனால் சார்ஜ் செய்யக்கூடாது, அதனால் நன்றிகூறும் நாள் விடுமுறை முடிந்து திரும்பியதும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவேன். அதே நாளில் தண்ணீர்த் தொட்டியையும் குழாய்களையும் வடித்து, ட்ரெயிலருக்கென விற்கும் இளஞ்சிவப்பு அன்ரிஃபிறீஸை பம்ப் வழியாக ஓடவிட வேண்டும். காருக்குப் போடும் பச்சை நிறம் நஞ்சு, அதைக் குடிநீர்க் குழாயில் விடவே கூடாது.

பழையதைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: பெயின்றைப் பார்த்து மயங்க வேண்டாம். கதவடியிலும் சிங்குக்குக் கீழேயும் தரையைக் குதிக்காலால் அழுத்திப் பாருங்கள். ஓடு உக்காது, ஆனால் தரை மரம். அமிழ்ந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அடுத்தது, குனிந்து அச்சைப் பாருங்கள். அதற்குள் சுருள்வில் இல்லை, இறப்பர்தான் தாங்குகிறது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் நல்லது. மேல்நோக்கிப் போயிருந்தால் இறப்பர் செத்துவிட்டது, முழு அச்சையும் மாற்ற வேண்டிவரும். கார்பன்மொனொக்சைட், காஸ் அலாரங்களின் பின்பக்கத்தில் காலாவதித் திகதி இருக்கும். தாண்டியிருந்தால் முதல் இரவுக்கு முன்பே மாற்றுங்கள். இவ்வளவும் சரியாக இருந்து, உங்கள் வீட்டிலும் மூன்று பேர்தான் என்றால், துணிந்து வாங்கலாம். நான்கு பெரியவர்கள் என்றால் 16 அடியைப் பாருங்கள்.