‘கொயில் எரிந்துவிட்டது’ என்று சொல்லி மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போகிறவர்கள் பற்றி

மெதுவாகச் சுழலும் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்த மாத்திரத்திலேயே ‘கொயில் (மோட்டருக்குள் இருக்கும் செப்புக் கம்பிச் சுருள்) எரிந்துவிட்டது’ என்று தீர்ப்புச் சொல்லி, அதைக் கழற்றிக்கொண்டு போய், கொயில் சுற்றியதாகப் பணம் வாங்கிக்கொண்டு, உண்மையில் மோட்டர் சுழல உதவும் சிறு பாகமான கப்பாசிட்டரை மட்டும் மாற்றித் திருப்பித் தருகிற ஏமாற்று எங்கள் வீட்டில் நடந்தது. வன்னியிலுள்ள விசுவமடுப் பக்கத்தில் வேறு வீடுகளிலும் இதே கதையைக் கேட்டதால் இதை எழுதுகிறேன். பணம் போனதை மட்டும் சொல்வதற்காக எழுதவில்லை. திருப்பி மாட்டப்பட்ட அந்த விசிறி, என் அம்மா படுக்கும் கட்டிலுக்கு நேர் மேலே, எந்த நேரமும் கழன்று விழக்கூடிய நிலையில் ஓடிக்கொண்டிருந்தது.

விசிறி ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் வாங்கியது. 1400 மில்லிமீற்றர் விட்டமுடைய, மூன்று இறக்கைகள் கொண்ட சாதாரண விசிறி. இந்த வைகாசியில் அதன் வேகம் குறைந்தது. ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் இரண்டில் ஓடுவது போலத்தான் ஓடியது. நகரத்தில் உள்ள ஒரு கடைக்குச் சொல்லியனுப்ப, மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். சுவிச்சைப் போட்டுப் பார்த்தார். மின்சாரம் அளக்கும் மீற்றரை வெளியே எடுக்கவேயில்லை. “அம்மா, கொயில் எரிஞ்சு போச்சு. கடைக்குக் கொண்டுபோய்ச் சுத்தித்தான் தரவேணும்” என்றார். இறக்கைகளைக் கழற்றி ஒரு கட்டாகக் கட்டி, மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்துக்கொண்டு போனார். திருப்பிக் கொண்டுவந்து மாட்டியபோது கொயில் சுற்றல், பெயரிங், கூலி என்று எழுதிய பற்றுச்சீட்டுக்கு 6,500 ரூபாய் கொடுத்தோம். விசிறி முன்னர் ஒருபோதும் ஓடாத வேகத்தில் ஓடியது. அம்மா அந்த மனிதரை வாயாரப் புகழ்ந்தார். சில நாட்களில் விசிறி ஆடத் தொடங்கியது; இரவில் ‘டொக், டொக்’ என்ற சத்தமும், நெடுநேரம் ஓடினால் சூடேறிய வார்னிஷ் மணமும் வந்தன.

கிளிநொச்சி அறிவியல் நகரில் மின்னியல் படித்த என் அக்காவின் மகன் வந்து, பிரதான சுவிச்சை நிறுத்திவிட்டு, விசிறியை இறக்கித் திறந்தபோதுதான் உண்மை தெரிந்தது. “சித்தி, இது சுத்தின கொயில் இல்லை, கொம்பனி சுத்தினபடியே கிடக்கு” என்றான். ஐந்து ஆண்டுத் தூசி சுருளின் இடுக்குகளில் அப்படியே படிந்திருந்தது. புதிதாகச் சுற்றி வார்னிஷ் போட்ட சுருளில் அது இருக்க வாய்ப்பில்லை. பெயரிங்குகளும் பழையவைதாம். மாற்றப்பட்டிருந்த ஒரே பொருள் கப்பாசிட்டர். அதுவும் தவறான அளவுடையது. விசிறியின் உடலில் ஒட்டப்பட்டிருந்த தகட்டில் 2.5 மைக்ரோபரட் (கப்பாசிட்டரின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) என்றிருக்க, உள்ளே இருந்ததில் 4 மைக்ரோபரட் என்று அச்சிடப்பட்டிருந்தது.

இது ஏன் ஆபத்தானது என்பதை விளங்கிக்கொள்ள, இந்த மோட்டரின் அமைப்பைச் சற்று அறிந்திருக்க வேண்டும். சாதாரண மோட்டரில் நடுவிலுள்ள தண்டு சுழலும். கூரை விசிறியில் நடுத்தண்டும் அதைச் சுற்றியுள்ள செப்புச் சுருள்களும் அசையாமல் நிற்க, வெளி ஓடே இறக்கைகளையும் தாங்கிக்கொண்டு சுழல்கிறது. வீட்டுக்கு வருவது ஒற்றை அவத்தை (சிங்கிள் பேஸ்) ஆடலோட்டம், அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டம். அது ஒரு சுருளில் மட்டும் பாய்ந்தால் காந்தப்புலம் நின்ற இடத்திலேயே கூடிக் குறையுமே தவிரச் சுழலாது. ஆகவே இரண்டாவது சுருள் ஒன்றை வைத்து, அதனோடு கப்பாசிட்டரைத் தொடராக இணைத்து, அதில் பாயும் மின்னோட்டத்தை முதற்சுருளில் பாய்வதற்குச் சற்று முந்திப் பாயச் செய்கிறார்கள்; அப்போதுதான் சுழலும் காந்தப்புலம் உண்டாகி வெளி ஓட்டை இழுத்துச் செல்கிறது. நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் 16 காந்த முனைகள் கொண்ட மோட்டரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 375 தடவை சுழலும். ஓடு எப்போதும் அதற்குச் சற்றுப் பின்தங்கியே ஓடும்.

கப்பாசிட்டருக்குள் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தாளில் பூசப்பட்ட உலோகப் படலம். மின்னழுத்தம் திடீரென ஏறும்போது படலத்தின் சிறு பகுதி ஆவியாகிப் போகிறது. கப்பாசிட்டர் பழுதாகாமல் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் வழி அது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அதன் கொள்ளளவு கொஞ்சம் குறைகிறது. மழைக்காலத்து மின்னலும், மின்சாரம் போய்ப் போய் வருவதும் வழக்கமாகிவிட்ட நமது ஊர்களில், சில ஆண்டுகளில் விசிறி மெதுவாவதற்கு இதுவே முதற்காரணம். மாற்றுச் சாமானின் விலை சில நூறு ரூபாய்தான். அதே அளவுடையதைப் போட்டால் விசிறி பழைய வேகத்துக்கு வந்துவிடும். அளவைக் கூட்டிப் போட்டாலோ, துணைச் சுருளில் அது தாங்கக்கூடியதை விட அதிக மின்னோட்டம் பாய்கிறது. விசிறி சற்று வேகமாக ஓடி வீட்டுக்காரரை மகிழ்விக்கும்; உள்ளே சுருளின் காப்புப் பூச்சு சூட்டில் கருகிக்கொண்டிருக்கும். எரியாத கொயிலை எரிந்ததென்று சொல்லிப் பணம் வாங்கியவர், அதை உண்மையாகவே எரிய வைப்பதற்கான வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படி எரிந்தால் மறுபடியும் அவரைத்தான் கூப்பிடுவோம் என்பதையும் அவர் அறியாதவராக இருக்க முடியாது.

கொயில் உண்மையிலேயே பழுதான விசிறி பெரும்பாலும் மாதக்கணக்கில் மெதுவாக ஓடிக்கொண்டிராது. சுற்றாமல் நின்றுவிடும், அல்லது கருகல் மணம் வரும், அல்லது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் விழும். சுவிச்சைப் போட்டதும் ‘ம்ம்’ என்று முனகிக்கொண்டு நிற்கிற விசிறியை ஒரு தடியால் மெல்லத் தள்ளிவிட, தள்ளிய பக்கம் எதுவானாலும் அந்தப் பக்கமாகவே அது மெதுவாகச் சுழலத் தொடங்கினால், கப்பாசிட்டர் முற்றாகப் போய்விட்டது என்று கொள்ளலாம். பின்னேரம் ஆறு மணிக்கு மேல் மெதுவாகவும் நள்ளிரவுக்குப் பின் சரியாகவும் ஓடினால் விசிறியில் குறையே இல்லை. மின்மாற்றியிலிருந்து தொலைவில், வரிசையின் கடைசியில் உள்ள வீடுகளுக்கு மின்னழுத்தம் குறைந்துதான் வந்துசேரும். இந்த மோட்டரின் விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், 230 வோல்ற்று வரவேண்டிய இடத்தில் 200 வந்தாலே விசை நான்கில் மூன்று பங்காகிவிடும். அதற்கு முறையிட வேண்டிய இடம் உங்கள் பகுதிக்கு மின்சாரம் விநியோகிக்கும் அலுவலகம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இறக்கையைக் கையால் சுழற்றும்போது கரகரவென்று இறுகி உடனே நின்றால் பெயரிங்கைச் சந்தேகிக்கலாம்.

கொயிலைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், வருபவர் மீற்றரை வைத்து அளந்து காட்ட வேண்டும் என்று கேளுங்கள். சாதாரண விசிறி மோட்டரிலிருந்து மூன்று வயர்கள் வரும். அவற்றை இரண்டிரண்டாக அளந்தால், இரண்டு சிறிய அளவுகளின் கூட்டுத்தொகை மூன்றாவதற்குச் சமமாக இருக்க வேண்டும். எந்த வயருக்கும் வெளி ஓட்டுக்கும் இடையில் தொடர்பு காட்டக் கூடாது. இது ஐந்து நிமிட வேலை. விசிறியை ஊர் கடத்தத் தேவையில்லை. (மூடியைத் திறந்து நீங்களே பார்ப்பதாயின், கழற்றிய கப்பாசிட்டரின் முனைகளை வெறுங்கையால் தொடாதீர்கள், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.) புதிதாகச் சுற்றித்தான் ஆகவேண்டும் என்றால், அறுத்தெடுத்த பழைய செப்புக் கம்பியைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உண்மையாகச் சுற்றுகிறவருக்கு அது ஒரு பொருட்டல்ல.

இனி, அந்த விசிறி தொங்கிய விதத்தைச் சொல்கிறேன். பணத்தை விட எனக்கு ஆத்திரம் தந்தது இதுதான். விசிறியின் குழாய், மேலே கொழுக்கியிலும் கீழே மோட்டர்த் தண்டிலும் போல்ட்டுகளால் பூட்டப்படுகிறது. ஓடும்போது ஏற்படும் அதிர்வில் நட் எவ்வளவு இறுக்கினாலும் நாளடைவில் தளரும் என்பதால், ஒவ்வொரு போல்ட்டின் முனையிலும் உள்ள துளையில் ஸ்பிலிட் பின் ஒன்றைச் செருகி, அதன் இரு கால்களையும் எதிரெதிர்ப் பக்கமாக விரித்துவிட வேண்டும். நட் முற்றாகக் கழன்றாலும் போல்ட் வெளியே வராமல் பிடித்திருப்பது அந்தச் சிறு கம்பிதான். எங்கள் விசிறியில் அது மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. கீழ் நட் விரலால் சுழற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனதில் ஓர் இறக்கை வளைந்திருந்தது. அதனால் விசிறி ஆடியது, ஆடியதால் நட் கழன்றது, கழன்ற நட்டைத் தடுக்க எதுவும் இருக்கவில்லை.

1400 மில்லிமீற்றர் விசிறி நிமிடத்துக்கு 330 தடவை சுழலும்போது இறக்கையின் நுனி விநாடிக்கு ஏறத்தாழ 24 மீற்றர் வேகத்தில் போகிறது. ஏ9 வீதியில் விரைந்தோடும் பஸ்ஸின் வேகம் அது. ஐந்து கிலோவை அண்டிய எடையுள்ள உலோகம் அப்படிச் சுழன்றபடியே கட்டிலில் விழுவதை எண்ணிப் பாருங்கள். விசிறி ஆடத் தொடங்கினால் அன்றைக்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு இறக்கையின் நுனிக்கும் மேற்கூரையில் குறித்துக்கொண்ட ஒரே புள்ளிக்கும் இடையிலான தூரத்தை அளந்து பார்த்தால் எது வளைந்தது என்று தெரிந்துவிடும். இறக்கைகள் எடை பார்த்துச் சோடி சேர்க்கப்பட்டவை என்பதால், வேறொரு விசிறியின் இறக்கையை மாற்றிப் போட விடக் கூடாது.

நமது பக்கத்து வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். 2009 இல் போர் முடிந்த பின்னரான மீள்குடியேற்றத்தில் கட்டப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கொங்கிறீற்றுத் தட்டு கிடையாது. ஓடு அல்லது சீற் கூரைதான். விசிறி மரவளையில்தான் தொங்குகிறது. கட்டுக்கம்பியை வளையில் இரண்டு சுற்றுச் சுற்றி அதில் விசிறியைக் கொழுவிய வீடுகளையும் நான் கண்டிருக்கிறேன். வளையை ஊடுருவிச் செல்லும் போல்ட்டில் பூட்டிய உறுதியான கொழுக்கியும், அதைச் சாராமல் வளையைத் தனியே சுற்றி மோட்டரோடு இணைத்த உருக்கு வடமும் இருக்க வேண்டும். வளையைக் கறையான் அரித்திருக்கிறதா என்பதை மாட்டுவதற்கு முன்னர் தட்டிப் பார்த்தல் அவசியம். கூரை தாழ்ந்த அறைகளில் இறக்கைகள் நிலத்திலிருந்து குறைந்தது 2.3 மீற்றர் உயரத்தில் இருக்கின்றனவா என்றும் அளந்துகொள்ளுங்கள். கட்டிலில் ஏறி நுளம்பு வலை கட்டுகிறவரின் கையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மேல் மூடிக்குள் இன்னொரு குறையும் இருந்தது. பச்சை நிற எர்த் வயரை அந்த மனிதர் திரும்ப இணைக்காமல், முறுக்கி ரேப் ஒட்டி விட்டிருந்தார். சூட்டில் காப்பு கருகி மின்சாரம் வெளி ஓட்டுக்குப் பாய்ந்தால், எர்த் இணைப்பு இருக்குமானால் ட்ரிப் சுவிச் உடனே விழும். இணைப்பு இல்லையென்றால், ஈரத்துணியால் இறக்கையைத் துடைக்க ஒருவர் தொடும் வரை விசிறி எதையும் காட்டிக்கொள்ளாது. துடைக்கும் முன்னர் சுவர்ச் சுவிச்சோடு நில்லாமல் பிரதான சுவிச்சையும் நிறுத்துங்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானையும் இடைக்கிடை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாத சுவிச்சால் பயனில்லை.

பற்றுச்சீட்டையும், இரு கப்பாசிட்டர் அளவுகளும் தெரியும் படங்களையும், தூசி படிந்த சுருளின் படத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி முதலில் ‘அது வெளியாள், கடைக்குச் சம்பந்தமில்லை’ என்றார். பற்றுச்சீட்டில் கடையின் பெயர் இருப்பதைக் காட்டியதும் பேச்சை மாற்றினார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதப்போவதாகச் சொன்னபின் கொயில் சுற்றலுக்கும் பெயரிங்குக்கும் வாங்கிய பணம் திரும்பி வந்தது. கூலியைத் தர மறுத்துவிட்டார். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சேவையில் குறை இருந்தால் மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் அந்தச் சபைக்கு முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். மாவட்டச் செயலகத்திலும் அதன் அலுவலர்கள் இருக்கிறார்கள். கையில் பற்றுச்சீட்டு இல்லாதவருக்கு இவற்றில் எதுவும் இலகுவாக நடக்காது என்பதால், என்ன வேலை செய்யப்பட்டது, எந்த அளவுக் கப்பாசிட்டர் போடப்பட்டது என்பதை எழுதி வாங்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

விசிறிக்கு இப்போது 2.5 மைக்ரோபரட் கப்பாசிட்டரும் புதிய இறக்கைத் தொகுதியும், இரு முனைகளிலும் ஸ்பிலிட் பின்னும் போட்டாயிற்று. எர்த் வயரும் இணைக்கப்பட்டது. அந்த மனிதர் இன்னும் அதே கடையின் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு விசுவமடு, தருமபுரம் பக்கமாக வேலைக்கு வருகிறார். அவர் கழற்றி மாட்டிய விசிறி உங்கள் வீட்டில் இருந்தால், மேல் மூடியை இறக்கி எர்த் வயரையும் இரண்டு போல்ட்டுகளின் முனைகளையும், பின்னர் கப்பாசிட்டரில் எழுதியுள்ள அளவையும் பார்த்துவிடுங்கள்.