சட்டைப்பையில் எந்தக் கத்தி? விக்டோரினாக்ஸ், ஒப்பினெல், கட்டர் – ஓர் ஒப்பீடு

தினமும் கூடவே வைத்திருக்க ஒரு சின்னக் கத்தி வாங்குவதென்றால், அது எந்தெந்த வேலைக்கு வெளியே வரப்போகிறது என்று முதலில் யோசிக்க வேண்டும். கூரியர் பொட்டலத்தின் டேப், புதுச் சட்டையில் தொங்கும் விலைச்சீட்டின் பிளாஸ்டிக் நூல், மாத்திரை அட்டை, ஷாம்பு பாக்கெட், பிய்ந்த நகம், ரயிலில் வாங்கிய கொய்யா. இதில் கடைசி ஒன்றுக்குத்தான் நிஜமாகவே கத்தி வேண்டும். மற்ற வேலைகளில் பலவற்றைக் கத்தரிக்கோல் சுத்தமாகவும் ஆபத்தில்லாமலும் முடித்துவிடும். கடைக்குப் போகிறவர்கள் பிளேடின் நீளத்தையும் பளபளப்பையும் பார்த்து மயங்கி, இதைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு கத்தியையும் இரண்டே கேள்விகளால் அளக்கிறேன்: கத்தரிக்கோல் இருக்கிறதா? பழம் நறுக்க முடியுமா?

சாவிக்கொத்தில் தொங்கும் கிளாசிக்

சுவிட்சர்லாந்தின் ஷ்வீஸ் மாநிலத்தில் இபாக் என்ற ஊரில் 1884-இல் கார்ல் எல்செனர் தொடங்கிய பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ். 1891-இல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். உலகமே அறிந்த பல பிளேடு கத்தியை 1897-இல் பதிவு செய்தார். அந்தக் குடும்பத்தில் பொடியன் கிளாசிக் எஸ்டி. மடக்கினால் 58 மி.மீ., எடை 21 கிராம் அளவுதான். அதற்குள் ஒரு சின்ன பிளேடு, கத்தரிக்கோல், நகம் தேய்க்கும் அரம், முள் எடுக்கும் சிமிட்டா, பல்குத்தி. அரத்தின் நுனி ஸ்க்ரூ டிரைவராகவும் உதவும்.

இதன் உயிர் அந்தக் கத்தரிக்கோலில் இருக்கிறது. வெளியே இழுத்ததும் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று கைப்பிடியைத் தூக்கி நிறுத்தும். கட்டைவிரலால் அழுத்தினால் வெட்டும், விட்டால் தானே திறந்துகொள்ளும். சட்டையில் பிரிந்து தொங்கும் நூலைத் துணிக்கு ஒட்டினாற்போல் நறுக்குவதற்கு இதைவிடத் தோதான கருவி சட்டைப்பையில் அடங்காது. பல வருட உபயோகத்தில் அந்த ஸ்பிரிங் உடையலாம். ஆனால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

பழம் என்று வந்தால் கிளாசிக் தோற்றுவிடும். பிளேடு 4 செ.மீ. கூட இல்லை. நல்ல பருமனான கொய்யாவைச் சுற்றிச் சுற்றி அறுத்து, கடைசியில் கையால்தான் பிளக்க வேண்டியிருக்கும். அதற்குள் சாறு மடிப்புகளுக்குள் இறங்கிப் பிசுபிசுத்துவிடும். அலுவலகம், வீடு, மருந்துக்கடை என்று போய்வருகிறவருக்கு இது போதும். ரயிலில் சாப்பாட்டு மூட்டையோடு போகிறவருக்குப் போதாது.

பழம் நறுக்கப் பிறந்த ஒப்பினெல்

பிரான்சின் சவோயா மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் செய்த விவசாயிகளின் கத்தி இது. மரக்கைப்பிடி, ஒரே ஒரு பிளேடு, அவ்வளவுதான். அளவுகளுக்கு எண் உண்டு. பலர் வாங்குவது 8-ஆம் எண், அதன் பிளேடு 8.5 செ.மீ. சட்டைப்பைக்கு 6-ஆம் எண் பொருத்தம், 7 செ.மீ. சொச்சம். 1955-இல் சேர்த்த பூட்டு வளையம் இதன் தனிச்சிறப்பு. பிளேடைத் திறந்து, வளையத்தை விரலால் சுழற்றிவிட்டால் மடங்கி விரல் மேல் விழாது.

நறுக்குவதில் இதனோடு போட்டி போட மற்றவற்றால் முடியாது. பிளேடு அவ்வளவு மெல்லியது. ஆப்பிளை வெட்டினால் பிளக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கும், துண்டு கண்ணாடித்தாள் போல வரும். கழுவுவதும் துடைப்பதும் எளிது.

ஆனால் நம் ஊர்க் காற்றை மனதில் வைத்து வாங்க வேண்டும். ஒப்பினெல் இரண்டு வகை எஃகில் வருகிறது. கார்பன் எஃகு நன்றாகக் கூர் ஏறும், ஆனால் மாங்காய், எலுமிச்சை பட்டால் கறுக்கும். பச்சை மாங்காயை அறுத்த துண்டில் லேசாக இரும்பு வாடையும் வரும். ஈரத்தோடு மடக்கி வைத்தால் துருவும் பிடிக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் இருப்பவர்கள் துரு பிடிக்காத எஃகு வகையையே கேட்டு வாங்குங்கள். இரண்டாவது சிக்கல் மரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கைப்பிடி உப்பிக்கொண்டு பிளேடை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் எவ்வளவு இழுத்தாலும் வராது. அப்போது பூட்டைத் திறந்து, கைப்பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினால் பிளேடு கொஞ்சம் தலைகாட்டும், பிறகு இழுத்துவிடலாம். சவோயாக்காரர்களே இப்படித்தான் திறக்கிறார்கள்.

கத்தரிக்கோல் கிடையாது. அதனால் இது தினசரிக் கத்தி இல்லை, சாப்பாட்டுக் கத்தி என்றே சொல்வேன்.

ஸ்டேஷனரிக் கடை கட்டர்

நம் ஊரில் நிஜமாகப் பலர் பையில் வைத்திருப்பது இதைத்தான். மழுங்கிய நுனியை ஒடித்துப் போட்டுப் புது நுனியை நீட்டும் இந்த யோசனை ஜப்பானின் ஒசாகாவில் 1956-இல் யோஷியோ ஒகாடாவுக்கு வந்தது. அவர் தொடங்கிய நிறுவனம்தான் ஓல்ஃபா. அட்டைப்பெட்டி பிரிக்க இதற்கு இணையே இல்லை. சாணை பிடிக்கும் வேலையும் கிடையாது. ஆனால் டேப் பசை ஒட்டிய, எண்ணெய் தடவிய அந்த பிளேடால் பழம் நறுக்க மனம் வராது, நறுக்கவும் கூடாது. மலிவான கட்டர்களில் தள்ளுபட்டி லூஸாகி, பைக்குள் பிளேடு தானாக நீளும் அபாயமும் உண்டு. மேசை இழுப்பறைக்குச் சரி, சட்டைப்பைக்கு வேண்டாம்.

இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லும் 91 மி.மீ.

விக்டோரினாக்ஸின் 91 மி.மீ. வரிசையில் பலர் கையில் எடுப்பது ஸ்பார்ட்டன். பெரிய பிளேடு, சின்ன பிளேடு, டப்பா திறப்பான், கார்க் திருகி எல்லாம் இருக்கிறது, கத்தரிக்கோல் மட்டும் இல்லை. கார்க் திருகியை நம்மில் எத்தனை பேர் பயன்படுத்தப் போகிறோம்? இன்னும் கொஞ்சம் தேடி கிளைம்பரையோ காம்பாக்டையோ பாருங்கள். கிளைம்பர் சுமார் 82 கிராம்: இரண்டு பிளேடு, தாராளமான கத்தரிக்கோல், டப்பா திறப்பான். காம்பாக்ட் ஒரு பிளேடோடு மெலிந்து, 65 கிராம் பக்கத்தில் நிற்கிறது. இரண்டிலும் பெரிய பிளேடு 7 செ.மீ.யை ஒட்டி வருவதால் கொய்யா, வெள்ளரி, நடுத்தர மாம்பழம் வரை சமாளிக்கும். ஒரே ஒரு கத்திதான் என்றால் என் தேர்வு காம்பாக்ட். பேன்ட் பையில் உறுத்தாது, பந்திக்கும் பயணத்துக்கும் ஆகும்.

இதற்குப் பூட்டு கிடையாது என்பதை மறக்க வேண்டாம். முதுகு ஸ்பிரிங் மட்டுமே பிளேடைப் பிடித்து நிற்கிறது. நறுக்கும்போது பயமில்லை. நுனியால் குத்தித் துளை போட்டால் மடங்கி விரலைப் பதம் பார்க்கும்.

விமானமும் சட்டமும்

இந்திய விமான நிலையங்களில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது, செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கிளாசிக்தான். சாவிக்கொத்தில் இருப்பதே நினைவுக்கு வராது. புறப்படும் முந்தின இரவே கழற்றி வைத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதி 6 செ.மீ.க்கு மேற்பட்ட பிளேடைத்தான் தடுக்கிறது. அதை நம்பி எடுத்துப்போனால் திரும்பி வரும்போது நம் ஊரில் போய்விடும். அமெரிக்காவில் 2013 மார்ச்சில் இதே 6 செ.மீ. அளவுக்கு அனுமதி தருவதாக அறிவித்து, விமானப் பணியாளர்களின் எதிர்ப்பால் ஜூனில் கைவிட்டார்கள்.

தெருவில் வைத்திருப்பதற்கும் விதி உண்டு. நம் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவற்றைத்தான் ஆயுதமாகப் பார்க்கின்றன. சமையல், விவசாயக் கத்திகளுக்கு அதிலும் விலக்கு. ஆக, இங்கே பேசிய எல்லாமே அதற்கு வெகு கீழே. பொத்தானை அழுத்தினால் பாயும் கத்திகள் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு உட்பட்ட, பூட்டு இல்லாத மடக்குக்கத்திக்கு மட்டும் காரணம் சொல்லத் தேவையில்லை. அதனால் லண்டனில் காம்பாக்ட் பிரச்சினை இல்லை, பூட்டு வளையம் உள்ள ஒப்பினெலுக்குத் தக்க காரணம் கேட்பார்கள்.

கூர் பிடிப்பது

விக்டோரினாக்ஸ், ஒப்பினெல் இரண்டின் எஃகும் ரொம்பக் கடினமானதல்ல. சீக்கிரம் மழுங்கும், அதே வேகத்தில் கூரும் ஏறும். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பூச்சில்லாத சொரசொரப்பான வட்டம் ஒன்று தெரியும். அதில் பிளேடைச் சாய்த்து, தாளைச் சீவுவது மாதிரி, பக்கத்துக்குப் பத்துத் தடவை இழுத்தால் தக்காளித் தோல் வழுக்காத அளவுக்குத் தேறிவிடும். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் மட்டும் இந்தச் சின்னக் கத்திகளைக் கொடுக்காதீர்கள். சக்கரம் மெல்லிய பிளேடில் தேவைக்கு மேல் இரும்பைத் தின்றுவிடும். சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.