42 பிள்ளைகள், ரூ.1,47,000: 'ப்ரொஃபைல் பில்டிங்' ஆட்களிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாதீர்கள்

கோபத்தில் எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரூ.1,47,000 போயிருக்கிறது. எங்கள் கல்லூரி இறுதியாண்டுப் பிள்ளைகள் 42 பேர், தலைக்கு ரூ.3,500. கோத்தகிரி, மஞ்சூர், குன்னூர், கூடலூர்ப் பக்கமிருந்து படிக்க வருகிறவர்கள். பாதிப் பேர் வீட்டில் பச்சைத் தேயிலைதான் வருமானம். நீலகிரியில் பிளேஸ்மென்ட் செல் பார்க்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. இன்ஸ்டாகிராமில் விளம்பரம், வாட்ஸ்அப்பில் பேச்சு, விற்பது "கேரியர் பிராண்டிங்". வேலைத் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இனில் ப்ரொஃபைலைத் திருத்தி எழுதுவார்களாம், 500-க்கு மேல் கனெக்‌ஷன் சேர்ப்பார்களாம், கடைசியில் "நேரடி எச்.ஆர். ரெஃபரல்", அதாவது கம்பெனிக்குள்ளிருந்தே சிபாரிசு, வாங்கித் தருவார்களாம். மலையில் இது எப்பேர்ப்பட்ட தூண்டில் என்று கீழே இருப்பவர்களுக்குச் சுலபத்தில் புரியாது. கம்பெனிகள் இங்கே ஏறி வருவது அபூர்வம். பல கல்லூரிகளுக்கும் சேர்த்து கோவையில் ஆள் எடுக்கும் பூல் டிரைவ் வைத்துக் கூப்பிடுவார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் அன்றைக்கு அதுவும் இல்லை. ரெக்ரூட்டர் கண்ணில் நம் பிள்ளை படுவதற்கு இருக்கிற ஒரே வழி ஃபோன் திரை. அதைத் தெரிந்துதான் வந்தார்கள்.

நம்பிக்கை வந்தது எதனால் தெரியுமா? ஒரு மாணவியின் ப்ரொஃபைலை "சாம்பிள்" என்று இலவசமாகச் செய்து கொடுத்தார்கள். அந்த வாரமே வியூ ஏறியது. பெங்களூரு கம்பெனி எச்.ஆர். என்று ஒரு பெண்மணி அவளுக்கு மெசேஜும் அனுப்பினார். அடுத்து பணப் பேச்சு. "ஃபாக்டரியில இலைப் பணம் வந்ததும் கட்டச் சொல்லுங்க மேடம், அவசரமே இல்ல" என்றான் அவர்கள் சார்பில் பேசிய பையன். இலைப் பணம் மாதாமாதம்தான் வரும் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தான். இப்படிப் பேசுகிறவனை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

அந்த "எச்.ஆர்." கணக்கைப் பிறகு பார்த்தோம். ப்ரொஃபைலில் 'மோர்' அமுக்கி 'அபவுட் திஸ் ப்ரொஃபைல்' போனால் கணக்கு எந்த மாதம் தொடங்கியது என்று காட்டும். தொடங்கி இரண்டே மாதம். அவர்களே ஆட்டிவைத்த பொம்மை.

லாகின் விவரம் கேட்டது கூகுள் ஃபார்மில். பாஸ்வேர்டுக்கென்றே ஒரு கட்டம். ஃபார்மின் அடியிலேயே கூகுள் 'பாஸ்வேர்டை இதில் கொடுக்காதீர்கள்' என்று போட்டிருக்கிறதே என்று கேட்டால், "அது எல்லா ஃபார்ம்லயும் வர்ற டீஃபால்ட் லைன் மேடம்". ஆமாம், எல்லா ஃபார்மிலும் வரும்தான். ஏன் வருகிறது என்பதைத்தான் சொல்லவில்லை.

செய்த வேலையைக் கேளுங்கள். ப்ரொஃபைலில் பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைன் 42 பேருக்கும் ஒன்றே: "பேஷனேட் லேர்னர், ஆஸ்பைரிங் ப்ரொஃபெஷனல்". பி.காம். பையனுக்கும் அதேதான், தாவரவியல் மாணவிக்கும் அதேதான். ஹெட்லைனுக்கு 220 எழுத்து இடம் இருக்கிறது. ரெக்ரூட்டர் தேடுவது டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், எக்செல், லேப் டெக்னிக் மாதிரி சொற்களை. 'பேஷனேட்' என்று எவரும் தேடுவதில்லை. "பி.காம். இறுதியாண்டு, டேலி ப்ரைம், தேயிலை ஃபாக்டரி கணக்குப் பிரிவில் பயிற்சி" என்று போட்டிருந்தால்கூட ஒரு தேடலில் மேலே வந்திருக்கும்.

கனெக்‌ஷன் சேர்த்தது சாஃப்ட்வேர் வைத்து. லிங்க்ட்இன் விதிப்படி அது கூடாது. அழைப்புகளுக்கு வார வரம்பும் உண்டு. முன்பின் தெரியாதவர்களுக்கு மொத்தமாக அழைப்பு போனதும் 19 கணக்குகள் முடங்கின. திரும்பத் திறக்க அரசு அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பிக் காத்திருக்க வேண்டும், அதுவும் டிரைவ் நடக்கிற நேரத்தில்! மற்றவர்களின் 500 கனெக்‌ஷனில் ஒரு முன்னாள் மாணவர்கூட இல்லை. லிங்க்ட்இனில் இருக்கிற கல்லூரிப் பக்கத்தில் 'அலும்னி' என்று ஒரு பகுதி இருக்கிறது. யார் எந்த ஊரில், எந்தக் கம்பெனியில் என்று வடிகட்டிப் பார்க்கலாம், காசே வேண்டாம். அங்கிருந்து நான்கு சீனியர்களிடம் நாலு வரி எழுதிக் கேட்பது இந்த ஐந்நூறைவிட உருப்படியான காரியம்.

கேட்டபோது வந்த பதில்கள்: முதலில் "அல்காரிதம் மாறிடுச்சு". அப்புறம் "டெக் டீம்கிட்ட சொல்லியிருக்கு". அப்புறம் "டிக்கெட் ரைஸ் பண்ணுங்க", லிங்க்கைத் தட்டினால் வெற்றுப் பக்கம். "ரீஃபண்ட் ஏழு வேலை நாள்ல வரும்", வரவில்லை. உச்சக்கட்டம் இது: "உங்க மலையில நெட்வொர்க் சரியில்ல மேடம், அதனாலதான் லாக் ஆகுது." பனியும் மழையும் 42 கணக்கில் 19-ஐ மட்டும் பொறுக்கி எடுத்துப் பூட்டுமா? இதைக் கேட்டதோடு சரி, பிளாக். ரூ.1,47,000-க்குக் கிடைத்த கடைசிப் பதில் அதுதான்.

பில் கேட்டு வாங்கியது ஒன்று இருக்கிறது. ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து இருக்க வேண்டும், இதில் 14. பெங்களூரு அலுவலகம் என்றார்கள். அப்படியானால் எண் கர்நாடகக் குறியீடான 29-ல் தொடங்க வேண்டும், பில்லில் தொடங்குவது 33, அது தமிழ்நாடு. பணம் போனதும் கம்பெனிக் கணக்குக்கு இல்லை, ஒரு தனியாளின் யுபிஐ-க்கு.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

பாஸ்வேர்டை எவருக்கும் தராதீர்கள். கொடுத்திருந்தால் உடனே மாற்றி, செட்டிங்ஸில் 'வேர் யூ ஆர் சைன்ட் இன்' போய் எல்லா இடத்திலும் சைன்-அவுட் செய்யுங்கள். இமெயில் பட்டியலையும் பாருங்கள், அவர்கள் முகவரியைச் சேர்த்து வைத்திருப்பார்கள்.

கல்லூரிப் பக்கத்துக்கு வெளியாளை 'சூப்பர் அட்மின்' ஆக்காதீர்கள், மற்ற அட்மின்களையே அவரால் நீக்க முடியும். பதிவு போட 'கன்டென்ட் அட்மின்' போதும்.

வேலைக்கோ ரெஃபரலுக்கோ பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். திறன் பயிற்சிக்கு 'நான் முதல்வன்' இலவசமாகவே இருக்கிறது.

பணம் போனால் அன்றைக்கே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் கணக்கு மாறிப் போய்விடும்.

எங்கள் கல்லூரிப் பக்கம் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. எங்களை நீக்கிவிட்டார்கள். அதில் "ஆஃப்-கேம்பஸ் டிரைவ், பதிவுக் கட்டணம்" என்று எது வந்தாலும் அது நாங்கள் போட்டதில்லை. பிள்ளைகளே, ஒரு ரூபாய்கூட கட்டாதீர்கள்.